சொன்னதை மட்டும் எழுதுகிறவள்

வாசகர்கள் முதற்கண் என்னைப் பொறுத்தருள வேண்டும். கல்லூரியில் தமிழ் இலக்கியம் பயின்றவள் என்பதைத் தவிர, கதை எழுதத் துணிவதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. திருமணமாகித் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்தின் கோட்டைப் பகுதிக்கு வந்த பிறகு, உறவினர்க்குக் கடிதங்களும் மகனின் பள்ளிக்கு விண்ணப்பங்களும் எழுதியதோடு என் பேனாவின் பணி முடிந்துவிட்டது. அப்படிப்பட்டவள் பிறருடைய நேரத்தைக் கேட்பது முறையன்று என்பதை அறிவேன். ஆயினும் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நிகழ்ந்ததை யாரிடமாவது வரிசையாகச் சொல்லிவிட்டால் மனம் சற்று ஓயும் என்று தோன்றுகிறது. பிழைகள் இருப்பின் மன்னிக்கக் கோருகிறேன்.

என் மகன் சாய்க்கு எழுத்துகள் ஓரிடத்தில் நிற்பதில்லை. இதைவிட எளிமையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க அவனுக்கு அரைமணி நேரம் ஆகும். முடித்தபின் என்ன படித்தாய் என்று கேட்டால் நெற்றியைத் தேய்த்துக்கொள்வான். எழுதினாலோ, எழுத்துகள் தத்தம் இடத்தை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆனால் காதில் விழுந்த எதையும் அவன் மறந்ததில்லை. ஐந்தாம் வகுப்பில் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்து, இது கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் அளித்தார்கள். அதன்பின் தேர்வுகளில் அவன் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஒருவரை வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அவ்வாறு எழுதுபவரை இங்கே எல்லோரும் ‘ஸ்க்ரைப்’ என்பார்கள்.

அவனுக்கு வாய்த்த ஸ்க்ரைப் ஸ்ரீப்ரியா. எங்கள் வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் மீரா மாமியின் மகள். எழுதுகிறவர் மாணவனைவிடக் கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும் என்பது விதி. அவள் அவனைவிட ஒரு வகுப்புக் கீழே படித்தாள். கையெழுத்தும் அழகு.

பாடம் சொல்லிக்கொடுத்தது நான். பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மாலை ஆறு மணிக்கு விளக்கேற்றியதும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பத்தியை மனத்திற்குள் படித்து, அகராதியைப் பார்த்துப் பொருளறிந்து, பிறகு எங்கள் வீட்டுத் தமிழில் அவனுக்குச் சொல்வேன். எழுதப்போகிறவள் என்பதால் ஸ்ரீப்ரியாவும் வந்து உட்காருவாள். பொருளாதாரத்தில் ‘குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி’ என்று ஒன்று உண்டு. பெயரைக் கேட்டதும் சாயின் கண்கள் ஜன்னலுக்குப் போய்விட்டன. முதல் டம்ளர் பாயசத்திற்கு இருக்கும் ருசி இரண்டாவது டம்ளருக்கு இல்லை, மூன்றாவதை யாராவது நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம், அவ்வளவுதான் விஷயம் என்றேன். அன்று முதல் அது எங்களுக்குப் பாயச விதி ஆயிற்று. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதால் கைவிட்டுப்போகும் மற்றொன்றே அதன் விலை என்னும் பாடத்திற்கு, கோயில் சுவாமி கடலில் நீராடப் போகும் ஆராட்டு ஊர்வலம் பார்க்கப் போனால் அன்றைய கச்சேரி போயிற்று என்பதை வைத்து, ஆராட்டுக் கணக்கு என்று பெயர். போட்டியில்லாத வியாபாரத்திற்கு ஒத்தைக்கடை. இப்படி ஏறக்குறைய பாடநூல் முழுவதற்கும் நான் பெயர் சூட்டியிருந்தேன். நல்ல பெயர்கள் என்றே இப்போதும் எண்ணுகிறேன்.

தேர்வறையில் சாய் குனிந்து தமிழில் முணுமுணுப்பான். ஸ்ரீப்ரியா அதை ஆங்கிலத்தில் எழுதுவாள். மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர்கள், இருவரும் வீட்டுப் பாஷை பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள். பிளஸ் டூவில் அவனுக்கு வந்த மதிப்பெண்ணைக் கேட்டுத் தெருவே வியந்தது. நகரத்திலேயே ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரத்தில் இடமும் கிடைத்தது.

சேர்க்கையன்று துறைத்தலைவர் மிகுந்த மரியாதையோடுதான் பேசினார். முதல் உள்தேர்வில் பொருளாதாரத் தாளில் தேறட்டும், பார்க்கலாம். தேறாவிட்டால், பையனுக்குச் சிரமமில்லாத வேறொரு தொழிற்படிப்புக்கு மாற்றிக்கொள்வதே நல்லது என்றார். சாய்க்கு வேறு எந்தப் படிப்பும் வேண்டாம். விலைவாசி, வரி, சந்தை என்று பேசத் தொடங்கினால் அவன் சாப்பாட்டை மறந்துவிடுவான். வெளியே வந்ததும் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

“அம்மா, எகனாமிக்ஸ் இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்?”

அன்றிலிருந்து எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியாமல் போயிற்று.

வகுப்புகள் தொடங்குமுன் இத்தகைய மாணவர்களைக் கல்லூரிப் படிப்புக்குப் பழக்கும் ஒரு பயிற்சி தைக்காட்டில், ஒரு பழைய வீட்டின் மாடியில் நடக்கிறது என்று அறிந்து அவனைச் சேர்த்தோம். நடத்துபவர் ஷிஜி டீச்சர். பாறசாலைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், முப்பது வயதுக்கு மேல் இராது. பாடநூலைக் கைப்பேசியே படித்துக் காட்டுமாறு செய்து கேட்பது, குறிப்புகளைக் குரலில் பதிந்துகொள்வது, தனக்கு என்ன உதவி தேவை என்று பேராசிரியரிடம் தானே கேட்பது, முன்பின் அறியாத ஸ்க்ரைப்பிடம் விடை சொல்வது ஆகியவற்றை அங்கே கற்பித்தார்கள். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்பது முதல் நாளே சொல்லப்பட்ட நிபந்தனை. நான் மாடிப்படியின் திருப்பத்தில் நிற்பேன். அங்கிருந்து ஜன்னல் கம்பிகளின் வழியே அறை தெரியும். இதை ஒட்டுக்கேட்பது என்று கருதாதிருக்க வேண்டுகிறேன்.

விடை சொல்லும் பயிற்சியின் முதல் நாளில், பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் முதலாண்டு படிக்கும் ரெஷ்மா என்னும் பெண்ணைச் சாயின் அருகில் உட்கார வைத்தார் டீச்சர். பொருளாதாரம் ஓர் எழுத்தும் அறியாதவள் என்பதனாலேயே அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார். ஒரே பொருளை மேலும் மேலும் வாங்க நாம் ஏன் விரும்புவதில்லை என்பது கேள்வி. என் நெஞ்சு குளிர்ந்தது. சாய் வழக்கம்போலக் கண்களை மூடிக் குனிந்து முணுமுணுத்தான்.

“மொதல் டம்ளர் பாயசம் அமிர்தமா இருக்கும். ரெண்டாவது பரவாயில்லை. மூணாவதை யாராவது நீட்டினா...”

ரெஷ்மா பேனாவை உயர்த்தினாள். “எந்தா? எனிக்கு ஒண்ணும் மனசிலாயில்லா.” ஒன்றும் புரியவில்லை என்றாள்.

சாய் கண்களைத் திறந்து, ஸ்ரீப்ரியா உட்காரும் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது.

“இங்கிலீஷ்ல சொல்லு மோனே,” என்றார் டீச்சர். “பரீட்சையில அதுதானே எழுதுவே?”

அவனுடைய கால் மேசையின் அடியில் ஆடத் தொடங்கியது. வெகுநேரத்திற்குப் பின் சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. ரெஷ்மா அவற்றை ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் எழுதினாள். டீச்சர் தாளை வாங்கி உரக்கப் படித்தார்.

“பாயசம் லா. ஃபர்ஸ்ட் கிளாஸ் வெரி டேஸ்டி. தேர்டு கிளாஸ் ஃபேஸ் டர்ன்.”

பின்வரிசையிலிருந்த கைலாஷ் என்னும் பையன் கையை உயர்த்தினான். அவனுக்கு எண்கள் பிடிபடா; மற்றபடி வாய் ஓயாது. “டீச்சரே, இந்த லா எப்போ பாஸாயி? பத்திரத்தில் கண்டில்லல்லோ!” இந்தச் சட்டம் எப்போது நிறைவேறியது, செய்தித்தாளில் காணவில்லையே என்றான்.

அறையே சிரித்தது. சாயும் சிரித்தான். அவன் காதுமடல்கள் சிவந்திருந்ததை நான் கண்டேன்.

மாலையில் டீச்சர் படியிறங்கி என்னிடம் வந்தார். “அம்மா, இந்த பாயசம் லா எந்தப் புஸ்தகத்துல இருக்கு?”

“அது... மன்னிக்கணும் டீச்சர், நான் வச்ச பேர்.”

“அப்போ பிளஸ் டூல எப்படி எழுதினான்?”

ஸ்ரீப்ரியாவைப் பற்றிச் சொன்னேன். அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டார்.

“விஷயம் எல்லாம் இவனுக்கு நல்லா தெரியும். அதுல எனக்கு சம்சயமே இல்ல. ஆனா அம்மா, அதைக் கேட்டு எழுத இந்த லோகத்துல ரெண்டு பேருதான் உண்டு. நீங்களும் அந்தக் குட்டியும்.”

“அப்படின்னா ஸ்ரீப்ரியாவையே காலேஜுக்கும் வரச் சொல்லிடலாமா? அவ இப்போ பிளஸ் டூ. விதிப்படி சரிதானே?”

“ஆறு செமஸ்டரும் வருவாளா? அவளுக்குப் படிக்க வேண்டாமா? எழுதறவளுக்குக் கை மட்டும் போதும் அம்மா. தலை சாயோட தலையாக்கும். எனக்கு அவன் பாஸாகறது மாத்திரம் போதாது. யாரு எழுத வந்தாலும் பாஸாகணும்.”

எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்கில்லை. தலையசைத்துவிட்டு வந்தேன். ஆனால் மனத்தில் ஸ்ரீப்ரியாவின் பெயர் எழுந்தது எழுந்தபடியே இருந்தது.

அடுத்து வந்த நாள்களை விவரிக்க அஞ்சுகிறேன். ஒவ்வொரு நாளும் கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறித் தைக்காடு போனோம். மழை விட்டுவிட்டுப் பெய்தது. நான் படியின் திருப்பத்தில் நின்றேன், கீழே இறங்கினேன், மறுபடி ஏறினேன். உள்ளே சாய் ஆங்கில வாக்கியங்களோடு மல்லுக்கு நின்றான். கைப்பேசி அவனுக்குப் பாடநூலை ஆங்கிலத்தில் படித்துக் காட்டியது. அதை வேகமாக ஓடவிட்டு அவன் கேட்டான். டீச்சர் நிறுத்தி நிறுத்திக் கேட்டபோது பொருளைச் சரியாகவே சொன்னான். அகராதியைப் பார்த்து நான் ஒரு மணி நேரத்தில் கடக்கும் பகுதி அவன் காதில் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நல்ல செய்திதான். அன்று வீட்டிற்குத் திரும்பியதும் நான் காரணமில்லாமல் பாத்திரங்களை இரண்டாம் முறை துலக்கினேன்.

கேட்பதற்கு ஆங்கிலம் வந்தது, சொல்வதற்கு வரவில்லை. இரண்டு சொற்கள் சொல்வான். மூன்றாவது எங்கோ ஒளிந்துகொள்ளும். அதைத் தேடுவதற்குள் முதல் இரண்டும் போய்விடும். ரெஷ்மா பேனாவோடு காத்திருப்பாள். தாள் வெண்மையாகவே இருக்கும். வீட்டில் நான் ஆங்கிலப் பெயர்களை உருப்போட வைக்க முயன்றேன். அவன் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். சாப்பிடும்போது சொன்னேன்.

“அம்மா, ஒண்ணு மிண்டாம இரு!” என்று ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். “பேசாமல் இரு” என்பதை அவன் பாதி மலையாளத்தில் சொல்லிக் கேட்டது எனக்குப் புதிதன்று. கை கழுவிவிட்டு அவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டதுதான் புதிது.

பயிற்சியின் கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல் மழை நின்று வெயில் சுள்ளென்று அடித்தது. இடைவேளையில் பிள்ளைகள் எதிர்ச் சாரியில் இருக்கும் சர்பத் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் அஜீஷ், அன்றைக்கு விலையை ஏற்றி அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார். நான் சற்றுத் தள்ளிக் குடையோடு நின்றிருந்தேன்.

“சேட்டா, இது நடக்கில்லா,” என்று தொடங்கினான் சாய். நன்னாரி சர்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், மலையாளத்தில் பொழியலானான். விலையைக் கூட்டினால் ஆட்கள் திருப்பத்திலிருக்கும் இளநீர்க் கடைக்குப் போய்விடுவார்கள். கூட்டியதால் வரும் லாபத்தைவிடப் போனவர்களால் வரும் நஷ்டம் அதிகம். இந்தச் சாலையில் நீங்கள் ஒருவர் மட்டும் இருந்தால் வேறு கதை.

“சர்பத்தல்லே சேட்டா, மருந்தொண்ணும் அல்லல்லோ!”

சர்பத்துதானே, வேண்டாமென்று இருந்துவிட முடியாத மருந்து ஒன்றும் இல்லையே என்றான். அஜீஷ் எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே கேட்டார், “நீ ஏது காலேஜிலே ஸாறாடா?” எந்தக் கல்லூரியின் பேராசிரியர் நீ என்று. கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாய் விடவில்லை. “ஸாறல்ல சேட்டா, ஸாறினே படிப்பிக்கான் போகுன்ன ஆளா!” பேராசிரியருக்கே பாடம் நடத்தப்போகிறவன் என்றான். அவனை நான் அப்படிக் கண்டதில்லை. தலை நிமிர்ந்திருந்தது. கண்கள் திறந்திருந்தன.

எனக்குப் பின்னால் ஷிஜி டீச்சர் நின்றிருந்தார். பக்கத்தில் ரெஷ்மா. டீச்சர் அவளிடம் மெல்லச் சொன்னார், “எழுதிக்கோ.” ரெஷ்மா கைப்பைக்குள்ளிருந்து தாளை எடுத்து, அஜீஷின் ஐஸ் பெட்டிமேல் வைத்து எழுதத் தொடங்கினாள். சாய் பேசி முடித்தபோது ஒரு பக்கம் நிறைந்திருந்தது. டீச்சர் அதை வாங்கிப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். மலையாள எழுத்துகளை நான் கூட்டித்தான் படிப்பேன். இங்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பேருந்துப் பலகைகளோடு நின்றுபோன படிப்பு அது.

“வெலை ஏறினா வாங்கறது எவ்வளவு குறையும்ங்கற தேவைநெகிழ்ச்சி பத்தின ஃபுல் மார்க் உத்தரமாக்கும் இது, அம்மா,” என்றார் டீச்சர். “டிமாண்ட், சப்ளைன்னு பேரெல்லாம் இங்கிலீஷ்ல அப்படியே வந்திருக்கு. மீதி மலையாளம். நான் இத்தனை நாள் எங்க தேடிட்டு இருந்தேன்னு பாருங்க!”

அன்று மாலையே அவர் கல்லூரிக்குப் பேசினார். ஆங்கிலத் தாளைத் தவிர மற்றத் தாள்களை மலையாளத்தில் எழுதலாம் என்று பதில் வந்தது. முதல் உள்தேர்வுக்கு ரெஷ்மாவே எழுத வருவாள் என்றும் முடிவாயிற்று.

என் கணவர் நீலகண்டன் காப்பீட்டு அலுவலகத்தில் அதிகாரி. அவர் கெட்டவர் அல்லர். இதைச் சொல்லிவிட்டுத் தொடர விரும்புகிறேன். செய்தியைக் கேட்டதும் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“மலையாளத்துலயா? பி.ஏ. எகனாமிக்ஸையா? நாளைக்கு பாங்க் பரீட்சை எவன் மலையாளத்துல வைக்கறான்?”

“நாளைக்கு பாங்க் இல்லைப்பா. அடுத்த மாசம் இன்டர்னல்,” என்றான் சாய்.

“ஆத்துல இத்தனை வருஷம் அம்மா தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினது எதுக்குடா? பஸ் கண்டக்டர்கிட்ட பேசற பாஷையில பரீட்சை எழுதறதுக்கா?”

“எனக்கு அதுதான் வரது. பஸ்ஸுல வரது, சர்பத் கடையில வரது, பரீட்சையில வந்தா மட்டும் என்ன தப்பு?”

“கேட்டயோ ஜெயா, இவன் சொல்றதை?”

கேட்டேன். கணவர் சொன்னதே எனக்கும் நியாயமாகப் பட்டது. மலையாளத்தின்மேல் எனக்கு மதிப்புக் குறைவு கிடையாது. எனினும், படிப்பு என்பது என் மடியிலிருந்த புத்தகத்திலிருந்து என் வாய்வழியாக அவன் காதுக்குப் போவது என்றே நான் பழகியிருந்தேன். அந்த வழியில் மலையாளம் எங்கும் இல்லை. உள்தேர்வு நெருங்க நெருங்க, சர்பத் கடையில் நடந்தது ஏதோ ஒரு நல்ல வேளையால் நடந்தது, தேர்வறையில் அது நடக்காது என்னும் பயம் வளர்ந்தது. பொருளாதாரப் பரீட்சைக்கு முதல் நாள் காலையில், யாரிடமும் சொல்லாமல், மீரா மாமி வீட்டிற்குப் போனேன்.

“நாளைக்கு அவளுக்கு என்ட்ரன்ஸ் கோச்சிங்ல டெஸ்ட் இருக்கே, ஜெயா,” என்று தயங்கினார் மீரா மாமி. “அந்த டெஸ்டை வச்சுத்தான் பேட்ச் பிரிக்கப் போறாளாம்.”

“ஒரு நாள்தானேம்மா. சாய்க்குத்தானே,” என்றாள் ஸ்ரீப்ரியா. “பாவம், புதுசா எவகிட்டயோ சொல்லி மாட்டிண்டு முழிக்கப்போறான்.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் கல்லூரி வராந்தாவை ஒட்டிச் சாய்க்காக ஒரு தனியறை ஒதுக்கியிருந்தார்கள். ரெஷ்மா முன்னரே வந்து சுவரோரம் நின்றிருந்தாள். ஸ்ரீப்ரியா பென்சில் பையோடு என் பக்கத்தில் வந்ததைப் பார்த்ததும் சாயின் நடை நின்றது.

“நீ எதுக்குடீ வந்தே?”

“உங்கம்மா கூப்பிட்டா. ஏன், நான் எழுதினா உன் மார்க்குக்குத் தீட்டா?”

“உனக்கு இன்னிக்கு டெஸ்ட் இல்லையா?”

“இருந்தது. இப்போ கேட்டை அடைச்சிருப்பா.”

சாய் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எழுத என்னால் இயலவில்லை. பிறகு அவளிடம் திரும்பினான். “வேண்டாம் ப்ரியா. நான் ரெஷ்மாவை வச்சுத்தான் எழுதப்போறேன்.”

“எருமை! இதை நேத்தே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?”

“நீ வரப்போறேன்னு எங்கிட்ட யாருடீ சொன்னா?”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் தேர்வுப் பொறுப்பாளரான ஆசிரியர் சாவியோடு வந்துவிட்டார். இரண்டு பெண்களையும் பார்த்து, “இதில் ஆரா ஸ்க்ரைப்?” என்று கேட்டார். நான் முன்னால் போனேன். “ஸார், இந்தப் பொண்ணுதான், பள்ளியிலேருந்து...” என்று தொடங்கினேன். அந்த நேரத்தில் என் மகன் என்னைத் தாண்டி ஓர் அடி முன்னே வந்து நின்றான்.

அவன் மலையாளத்தில் பேசினான். தனக்கு வாசிப்பதில் குறைபாடு உண்டு, கேள்வித்தாளை இருமுறை படித்துக்காட்ட வேண்டும், விடைகளை மலையாளத்தில் சொல்லப்போகிறான், எழுதப்போவது ரெஷ்மா, சொன்னதை அவள் திரும்பப் படித்துக்காட்டத் தனக்கு நேரம் வேண்டும். பிறந்தது முதல் அவனுக்கு என்ன வேண்டும் என்று பிறரிடம் சொல்லி வந்தவள் நான். இவ்வளவு சுருக்கமாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆசிரியர் தலையசைத்துக் கதவைத் திறந்தார். இருவரும் உள்ளே போனார்கள்.

வராந்தாவில் ஒரு மரப் பெஞ்சு இருந்தது. ஸ்ரீப்ரியா அதில் உட்கார்ந்தாள். நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், தூண்வரை போனேன், திரும்பினேன். ஜன்னல் பாதி திறந்திருந்ததால் குரல் கேட்டது. முதலில் கேள்வி படிக்கும் குரல். பிறகு அமைதி. அந்த அமைதி நீண்டது. உள்ளே நாற்காலி நகர்ந்தது. அவன் சொற்களைத் தேடுகிறான், கிடைக்கவில்லை, தாள் வெண்மையாக இருக்கிறது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. கதவைத் தட்டலாமா, ஆசிரியரின் காலில் விழுந்தாவது ஸ்ரீப்ரியாவை உள்ளே அனுப்பலாமா என்று எண்ணினேன். தட்டுவதற்குக் கையை உயர்த்தியும்விட்டேன்.

“எழுதிக்கோ,” என்று உள்ளே அவன் குரல் கேட்டது. பிறகு மலையாளம். தயங்கித் தயங்கி ஒரு வாக்கியம். பின் நில்லாமல் பல வாக்கியங்கள். நடுவில் ரெஷ்மா திரும்பப் படித்தாள். அவன் “அல்ல, அது வேண்டா, வெட்டு” என்றான். மறுபடி சொன்னான்.

நான் ஜன்னலருகே காதைக் கொடுத்து நின்றேன். காய்கறிக் கடையிலும் மருந்துக் கடையிலும் எனக்குப் போதுமாயிருந்த மலையாளம் அங்கே போதவில்லை. ஒரு சொல் புரிந்தது. அடுத்த மூன்று புரியவில்லை. என் மகன் பாடம் சொல்கிறான். என்ன பாடம் என்று எனக்குத் தெரியவில்லை.

“நன்னா சொல்றான், மாமி,” என்றாள் ஸ்ரீப்ரியா பெஞ்சிலிருந்து.

“என்னடி சொல்றான்?”

அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் அவள். அவன் சொல்வதைக் கேட்டு, வாக்கியம் வாக்கியமாக, தாழ்ந்த குரலில் தமிழில் எனக்குச் சொன்னாள். “அரிசி வெலை ஏறினாலும் சாதம் சாப்பிடறதை நிறுத்த முடியாதுங்கறான். அதனால ஏழைகள் வேற செலவைக் குறைச்சுப்பாங்கறான். இப்போ அரசாங்கம் என்ன பண்ணணும்னு சொல்றான்...” சிறிது நேரம் அப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவள், இடையில் நிறுத்தினாள்.

“நான் போறேன், மாமி. அம்மாகிட்ட நான் என்ன சொல்றதுன்னே தெரியலை.”

“ப்ரியா, நான் வந்து உங்கம்மாகிட்ட...”

“வேண்டாம் மாமி. நீங்க வந்தா இன்னும் மோசமாயிடும்.”

பென்சில் பையை எடுத்துக்கொண்டு, வராந்தாவின் கோடிவரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் எழுதுவது முறையன்று.

நேரம் முடிந்து வெளியே வந்த சாய் முதலில் பெஞ்சைப் பார்த்தான். “போயிட்டாளா?” என்றான். போய்விட்டாள் என்றேன். தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி முழுவதையும் குடித்தான். ரெஷ்மா விரல்களைச் சொடுக்கியபடி, “என்றே கை போயி!” என்று, தன் கை ஓய்ந்துபோனதை அவனிடம் புகார் சொன்னாள். என்னோடு அவன் பேருந்தில் பேசவில்லை. அடுத்த நாளும் அதிகம் பேசவில்லை.

இரண்டு வாரங்களில் முடிவு வந்தது. பொருளாதாரத்தில் தேறியிருந்தான், தேர்ச்சிக்குத் தேவையானதைவிடச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். மலையாளத்தில் எழுத வழியில்லாத ஆங்கிலத் தாளில் தேறவில்லை. துறைத்தலைவர் விடைத்தாளைப் புரட்டிப் பார்த்து, வாக்கியங்கள் கரடுமுரடாக இருக்கின்றன, ஆனால் யோசித்தது இவன்தான் என்பது தெரிகிறது, தொடர்ந்து படிக்கட்டும் என்றார். சாய் இப்போது பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறான். ஒவ்வொரு தேர்வுக்கும் வேறுவேறு ஸ்க்ரைப் வருகிறார்கள். அவர்களின் பெயர்கள்கூட எனக்குத் தெரியாது.

கிடைத்ததைச் சொல்லிவிட்டேன். இழந்தவற்றையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். ஆங்கிலத் தாள் ஒன்று. அதை அவன் மறுபடி எழுத வேண்டும். நல்ல மதிப்பெண் வாங்கும் பையன் என்று தெருவில் இருந்த பெயர். ஸ்ரீப்ரியாவின் பயிற்சித் தேர்வு. அதனால் அவளுக்கு முதல் பிரிவில் கிடைக்கவேண்டிய இடம். அவள் எங்கள் வீட்டிற்கு வருவது. மீரா மாமி என்னோடு பேசுவது. சாய் என்னிடம் எதையும் கேட்டுவிட்டுச் செய்வது. என் கணவர் அவனிடம் படிப்பைப் பற்றி விசாரிப்பது. மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை எனக்கிருந்த வேலை.